மண்டபத்துக்கு ஒரு பூட்டு

ஆகஸ்ட் லீவு எனக்கு ஆகாது. மற்ற ஆசிரியைகள் இரண்டாம் தவணை முடியும் நாளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்த நாளை நினைத்தாலே எரிச்சல் வரும். கையில் வேலை இல்லாமல் ஒரு மாதம் இருப்பது என் உடம்புக்குச் சேராது. முதல் இரண்டு நாள் துணி துவைப்பேன். மூன்றாம் நாள் அக்காவின் அலுமாரியைக் கலைத்து அடுக்குவேன். நான்காம் நாள் அக்கா என்னைத் திட்டுவாள். வருடா வருடம் இதுதான் நடக்கும்.

நான் சொல்லப்போகும் வருடத்தில் மட்டும் எனக்கு வேலை இருந்தது. தலைக்கு மேல் இருந்தது.

அப்போது பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் முதலாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கண்டியில், கட்டுக்கலையில் இருந்த அக்கா வீட்டிலிருந்து காலையில் வத்தேகம வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால், இறங்கி அரை மணி நேரம் மேலே நடக்க வேண்டும். பாடசாலை என்றால் ஒரே ஒரு மண்டபம். தகரக் கூரை, இடுப்பளவுச் சுவர், அதற்கு மேல் கம்பி வலை. அதற்குள் நான்கு வகுப்புகள். நடுவில் சுவரும் கிடையாது, தட்டியும் கிடையாது. ஒரு வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் கடைசி வாங்குக்கும் அடுத்த வகுப்பின் கரும்பலகைக்கும் இடையில் ஒரு ஆள் போகலாம், அவ்வளவுதான்.

எங்களுக்குப் பக்கத்தில் மூன்றாம் வகுப்பு. அவர்கள் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தால் என் தொண்டை எடுபடாது. ஒரு நாள் கரும்பலகையில் ‘ப’ எழுதி, இது என்ன எழுத்து என்று கேட்டேன். என் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து, மகிழ்ச்சியாக, ‘இருபத்தொன்று’ என்றார்கள். பக்கத்து ஆசிரியை சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குக் கோபம்தான். யார்மேல் என்று தெரியாத கோபம்.

தவணை முடிய ஒரு கிழமை இருக்கும்போது பாடசாலை அதிபர் என்னைக் கூப்பிட்டார். வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர், அதிகம் பேசமாட்டார்.

“டீச்சர், வாற வருசம் முதலாம் வகுப்புக்குப் பத்துப் பிள்ளையளாவது சேரோணும். இல்லாட்டி கல்வித் திணைக்களத்திலை வகுப்பை மூடச் சொல்லிப்போடுவினம். உங்களையும் வேறை எங்கையாவது அனுப்புவினம்.”

எனக்கு விஷயம் தெரியும். தோட்டத்து ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிப் பெரிய பாடசாலைக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். அங்கே ஒவ்வொரு வகுப்புக்கும் நாலு சுவர் இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை நெருக்கடியில் நின்றுகொண்டு போய் வருவதைப் பார்க்க எனக்குச் சகிக்காது. அதே சமயம், இருபத்தொன்று என்று பதில் சொல்லும் வகுப்புக்கு எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்?

“செப்டெம்பர்ல பெற்றோர் கூட்டம் வைங்க சார். அதுக்குள்ள நான் ஒரு வகுப்பு செஞ்சு காட்டுறேன்” என்றேன்.

“எதாலை செய்யப்போறியள்?” என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. செய்வேன் என்று மட்டும் தெரியும்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேயிலை ஃபெக்டரியின் பின்பக்கம் பழைய தேயிலைப் பெட்டிகள் மழையில் நனைந்து கிடந்தன. தேயிலையைக் கடதாசிச் சாக்கில் அனுப்பத் தொடங்கியபின் அந்தப் பலகைப் பெட்டிகளை யாரும் சீண்டவில்லை. ஃபெக்டரி ஐயாவிடம் கேட்டு, தலைவரைக் கூட்டிக்கொண்டு போய், நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினேன். தலைவர் என்றால் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். கல்யாணமோ சண்டையோ சாவோ, முதலில் அவரிடம்தான் ஆள் போகும். பெட்டிகளைப் பிரித்து, ஓரத்துத் தகரத்தைக் கழற்றி, பலகைகளைச் சட்டத்தில் வைத்து அடித்தால் தட்டி. மண்டபத்தின் ஒரு மூலையை இரண்டு பக்கமும் தட்டி வைத்து மறித்தால் வகுப்பு. கணக்குச் சரியாக இருந்தது.

லீவு விட்டதும் அக்கா வீட்டு முன்னறை என் பட்டறையாகிவிட்டது. கண்டித் தெருவெல்லாம் அலைந்து சவர்க்காரப் பெட்டி, பிஸ்கட் பெட்டி, பால்மா டின் என்று கிடைத்ததையெல்லாம் சுமந்து வந்தேன். கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். கரப்பான் அரிக்காமல் இருக்க அதில் துரிசு என்ற விஷம் கலந்தேன். அக்கா அந்தப் பாத்திரத்தை இனித் தொடமாட்டேன் என்று வாசலுக்கு வெளியே வைத்தாள். சோடா மூடிகளைத் தட்டையாக அடித்து, வெள்ளைப் பெயின்ட் பூசி, ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து. அட்டைப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, பழைய சேலைத் துணியால் சுற்றி, பிள்ளை கை எட்டும் உயரத்துக்குத் தட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டின், டின்னில் அதன் பெயர். ஒரு மூலையில் விளையாட்டுக் கடை, வெற்றுப் பிஸ்கட் பக்கெட்டுகளும் தராசும் வைத்து.

“இது வீடா, கோடவுனா?” என்றாள் அக்கா. “லீவுல எல்லாரும் படுத்துத் தூங்குறாங்க. இவ விடிஞ்சதும் டங்கு டங்குன்னு தட்டுறா. கீழ் வீட்டுக்காரங்க என்னையத்தான் மொறைக்கிறாங்க.”

“நீ போய்த் தூங்கு. உன்னைய யாரு எழுப்பினா?”

“நீதான்டி.”

எதையும் ஒரு முறையில் முடிக்கத் தெரியாத ஆள் நான். தட்டுக்கு நீலம் பூசினேன். மறுநாள் பார்த்தால் இருட்டாகத் தெரிந்தது, மஞ்சள் பூசினேன். மஞ்சள் காய்வதற்குள் பச்சை நல்லது என்று பட்டது. சாப்பிடும்போது எழுந்து போய் ஒரு டின்னைத் திருப்பி வைப்பேன். கண்ணை மூடினால் மண்டபத்தின் மூலை வந்து நிற்கும். தட்டி இந்தப் பக்கம் இருந்தால் வெளிச்சம் மறையுமா, அந்தப் பக்கம் வைத்தால் கதவு இடிக்குமா என்று பாயில் புரண்டுகொண்டே அளந்து பார்ப்பேன். ஏப்ரல் லீவில் நடந்ததும் நினைவுக்கு வரும்.

அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தோட்டத்தில் பெரிய கூரை என்று இருந்தது எங்கள் மண்டபம் ஒன்றுதான். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக் காம்பராக்களில் நாலு பேர் வந்தால் ஐந்தாம் ஆள் வெளியே நிற்க வேண்டும். அதனால் கல்யாணம், சடங்கு, திருவிழாச் சாப்பாடு, சங்கக் கூட்டம், மழை நாளில் சாவு, எல்லாம் மண்டபத்தில்தான். கதவைக் கம்பியால் கட்டி வைத்திருப்போம், பூட்டே கிடையாது. ஏப்ரலில் நான் சுவரில் ஒட்டி வைத்த எண் அட்டைகளின் மேல், லீவில் நடந்த ஒரு கல்யாணத்துக்குத் தோரணம் கட்டி ஆணி அடித்திருந்தார்கள். ஏழின் நடுவில் ஒரு ஆணி. எட்டில் வெற்றிலைச் சாறு. ஒன்பதைக் காணவே இல்லை.

இந்த முறை அப்படி ஆக விடமாட்டேன் என்று முடிவு செய்தேன். லீவின் இரண்டாம் கிழமை, கண்டியில் ஒரு ஹாட்வெயார் கடையில் பெரிய பூட்டு ஒன்று வாங்கினேன்.

லொறி பிடித்து எல்லாவற்றையும் மேலே கொண்டுபோனேன். தலைவரும் இன்னும் இரண்டு பேரும் இறக்க உதவினார்கள். மூன்று நாள் போய் வந்து அடித்தேன். தட்டிகள் ஆடக்கூடாது என்று மண்டபத்துத் தூண்களோடு சேர்த்து நாலங்குல ஆணி இறக்கினேன். தட்டுகளைத் தட்டியோடு சேர்த்து அடித்தேன். ஒரு யானை வந்து மோதினாலும் அசையாது என்று எனக்கே பெருமை. பிறகு புதுப் பூட்டைப் போட்டேன். ஒரு அலுமாரியைப் பூட்டுவதுபோல மண்டபத்தைப் பூட்டினேன்.

தலைவர் பூட்டைப் பார்த்தார்.

“டீச்சர், ஒரு சாவிய இங்கன வச்சிட்டுப் போங்க. அவசரம் ஆத்திரம்னா தேவைப்படும்.”

கைப்பையில் இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் கிடந்தன. எனக்கு ஏழின் நடுவில் இருந்த ஆணி ஞாபகம் வந்தது.

“ஒரு சாவிதான் தலைவர் இருக்கு. நான் இடையில வருவேன்” என்றேன்.

“சரிங்க டீச்சர்” என்றார் அவர்.

பொய் சொன்ன வாயோடு பஸ்ஸில் ஏறினேன். வத்தேகம வருமுன்பே அதை மறந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி நான்கு நாள்கூட நிற்கவில்லை. வகுப்பு தயார், கூட்டத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, நான் என்ன செய்வது? இன்னும் நாற்பது சோடா மூடி சேர்த்துக் கூட்டல் கழித்தல் அடையாளம் எழுத ஆரம்பித்தேன். இடையில் வருவேன் என்று சொன்ன நான் மேலே போகவில்லை. கண்டியில் பெரஹரா ஊர்வலம் தொடங்கியிருந்தது. பின்னேரமானால் தெருக்களை மூடிவிடுவார்கள், பஸ்கள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும், நடைபாதையெல்லாம் பாய் விரித்துச் சனம் காலையிலிருந்தே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் போய் வர எனக்குச் சலிப்பு. யன்னலைச் சாத்திக்கொண்டு பெயின்ட் பூசினேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

பாடசாலை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது கடைசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். லயத்து முனையில் தலைவர் எதிரே வந்தார். முகம் மழிக்காமல் இருந்தது.

“பெரஹரா நேரம் ஒரு சாவு டீச்சர்” என்றார். யார் என்று கேட்டேன். என் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாத்தா. அந்தப் பிள்ளையின் அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். கொழுந்து எடுக்கப் போகும் வழியில் பிள்ளையை விட்டுவிட்டு, கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று வாசித்துவிட்டுப் போவார். ஜனவரியில் அவருடைய இரண்டாவது மகளுக்கு ஐந்து வயது. நான் நம்பியிருந்த பத்தில் முதல் பெயர் அதுதான்.

“எங்க வச்சீங்க?” என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

“லயத்து வாசல்லதான். சரியான மழை. கறுப்புப் பொலித்தீன இழுத்துக் கட்டினோம், நிக்கல. வெளியூர்லேருந்து சொந்தக்காரங்க வர ரெண்டு நாளாச்சு. எல்லாரும் குடையப் பிடிச்சிக்கிட்டே நின்னோம்.”

“எனக்கு ஆள் அனுப்பியிருக்கலாமே தலைவர்.”

“அனுப்பினோமே. அந்தப் பிள்ளையோட அப்பாவே வந்தாரு. உங்க வீடு கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் பக்கம்னு மட்டும்தான் தெரியும். பெரஹராவுக்கு ரோட்ட மூடிட்டாங்களாம், அந்தப் பக்கம் கடக்க விடலையாம். நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டாரு.”

என் கையில் இருந்த மூட்டை கனத்தது. அந்த மனிதர் செத்த வீட்டை விட்டுவிட்டு, நனைந்துகொண்டு, பாய் விரித்து உட்கார்ந்திருந்த சனத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறார். அதற்குக் கொஞ்ச தூரத்தில் நான் யன்னலைச் சாத்திவிட்டுச் சோடா மூடிக்குப் பெயின்ட் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“பூட்ட ஒடைச்சிருக்கலாம்” என்றேன்.

“அது எப்பிடி டீச்சர்? பாருங்க, ஒரு ஆணியக்கூட தொடல நாங்க” என்றார் தலைவர். அதில் குத்தல் இல்லை. பெருமையாகத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மண்டபத்தைத் திறந்தேன். எல்லாம் நான் வைத்தது வைத்தபடி இருந்தது. பச்சைத் தட்டுகள், பெயர் எழுதிய டின்கள், விளையாட்டுக் கடை. பசை வாசம் இன்னும் போகவில்லை. தரை காய்ந்து கிடந்தது. வாங்குகளை ஒதுக்கினால் முந்நூறு பேர் உட்காரக்கூடிய தரை. நான் நடுவில் நின்றேன். உட்கார மனம் வரவில்லை, ஒரு டின்னை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். பெயர் எழுதிய பக்கம் முன்னால் இருக்கிறதா என்று பார்த்தேன். என் புத்தி அப்படித்தான்.

அந்த வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. “வாங்க டீச்சர்” என்றார். தேத்தண்ணி கொடுத்தார். பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெற்றோர் கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். எங்கள் மூலையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் தட்டிக்குப் பின்னால் நின்று பாடம் நடத்திக் காட்டினேன், பிள்ளைகள் மூடிகளை அடுக்கி ‘பாடம்’ என்று எழுதினார்கள். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னது. எங்களுக்கு மெதுவாகத்தான் கேட்டது. நான் ஒரு மாதமாக எதிர்பார்த்த நேரம் அது. அதிபர்கூடத் தலையை ஆட்டினார். பிறகு அடுத்த வருடச் சேர்க்கைப் படிவங்களை மேசையில் வைத்து, பேனாவையும் வைத்தார்.

ஒருவரும் எழும்பவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை இருக்கும் பதினொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. எல்லோரும் அந்த அம்மாவைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் எனக்காக எழுந்தார். “டீச்சர் மேல ஒரு குத்தமும் இல்ல. சாவி ஒண்ணுதான் இருந்துச்சு. அவுங்க என்ன செய்வாங்க?”

பேசாமல் இருந்திருக்கலாம். பத்துக் கையெழுத்தும் அன்றைக்கே கிடைத்திருக்கும். ஆனால் என் பொய்யை அந்த மனிதர் எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

“ரெண்டு சாவி இருந்துச்சு” என்றேன். “ரெண்டும் என் பையிலதான் இருந்துச்சு. ஒண்ணுன்னு நான்தான் பொய் சொன்னேன்.”

மூன்றாம் வகுப்புகூட வாய்ப்பாட்டை நிறுத்தியிருந்தது. தலைவர் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாதான் தலை நிமிர்ந்தார்.

“புதுப் பூட்டுக்கு ரெண்டு சாவி இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதா டீச்சர்? தலைவருக்கும் தெரியும். உங்க மரியாதைக்குத்தான் ஒண்ணுங்கறாரு.”

“தெரிஞ்சும் ஏன் ஒடைக்கல?”

“உள்ள பிள்ளைங்க சாமான் இருந்துச்சே.”

அவர் எழுந்து வந்து தட்டியைக் கையால் பிடித்து அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

“இத எடுக்க எவ்வளவு நேரமாகும்?” என்று கேட்டார்.

“எடுக்க ஏலாது. ஆணி அடிச்சிருக்கேன்.”

“அப்ப நாளைக்கு இன்னொரு சாவு வந்தா?”

நான் ஆணித் தலைகளைப் பார்த்தேன்.

“வகுப்பு நல்லா இருக்கு டீச்சர். என் மகள இங்கதான் விடணும்னு எனக்கும் ஆசைதான். இத எடுத்து வைக்கிற மாதிரி செஞ்சிட்டுச் சொல்லுங்க. வந்து கையெழுத்துப் போடுறேன்.” சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். படிவங்கள் வெள்ளையாக மேசையில் கிடந்தன. அதிபர் அவற்றை ஒழுங்காக அடுக்கி மேசை லாச்சிக்குள் வைத்தார்.

அந்தச் சனியும் ஞாயிறும் தலைவர் கடப்பாரையும் குறடும் கொண்டுவந்தார். நாலங்குல ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். பலகை பல இடத்தில் வெடித்தது. தூண்களில் ஓட்டை விழுந்தது. தட்டிகளுக்கு அடியில் கட்டை வைத்து நிற்கும்படி செய்தேன், ஒன்றோடொன்றைக் கயிற்றால் கட்டினேன், தட்டுகளைத் தனியாகப் பிரித்தேன். முன்போல அழகாக இல்லை. கொஞ்சம் ஆடியது. பச்சைப் பெயின்ட் உரிந்த இடத்தில் மஞ்சளும் நீலமும் தெரிந்தன. எனக்கு அதைத் திருப்பிப் பூச வேண்டும் என்று கை துடித்தது. பூசவில்லை.

திங்கட்கிழமை காலையில், கொழுந்துக்குப் போகுமுன் அந்த அம்மா வந்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு, கயிற்றை அவிழ்த்து, ஒரு தட்டியைத் தானே தூக்கினார். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஒவ்வொன்றாக எல்லாத் தட்டிகளையும் சுவரோரமாகக் கொண்டுபோய்ச் சாத்தினார். மண்டபம் மறைப்பில்லாமல், நீளமாகக் கிடந்தது. அதன் நடுவில், ஒரு பாடை வைக்கும் இடத்தில், கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு தட்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து, இருந்த இடத்திலேயே நிறுத்தி, கயிற்றைக் கட்டினார். நான் கட்டியதைவிட இறுக்கமாகக் கட்டினார்.

“பேனாவ குடுங்க டீச்சர்” என்றார்.